பின் சக்கரம் எத்தனை அங்குலம்?

திருவனந்தபுரத்தின் கரமனையிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறுவது தார்ச்சாலை. அதிலிருந்து பிரிந்து ரப்பர் தோட்டங்களுக்குள் போகும் மண்பாதைகளின் குணமே வேறு. கோடையில் டயருக்கு அடியில் செம்புறைக்கல் சரளை உருளும். மழை பிடித்தால் அதே செம்மண் களியாகி வழுக்கும். இங்கே ஓட்ட டர்ட் பைக் தேடுபவர்கள் பின் சக்கரம் 18 அங்குலமா, 19 அங்குலமா என்று குழம்புகிறார்கள்.

அந்த எண் குறிப்பது ரிம்மின் விட்டத்தை மட்டுமே. மோட்டோகிராஸ் பைக்குகளில் 110/90-19 டயர் வழக்கம். காடுமேடு தாண்டும் என்டூரோ பைக்குகளில் 110/100-18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 681 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 677. வெளியளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவது பக்கச்சுவர்: 99 மி.மீ. எங்கே, 110 மி.மீ. எங்கே! நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது அந்த 11 மி.மீ. ரப்பரையும் காற்றையும்தான்.

கல்லில் மோதும்போது முதலில் அமுங்குவது டயர். சஸ்பென்ஷன் அதற்குப் பிறகுதான். சுவர் உயரமாக இருந்தால் அமுங்க இடம் அதிகம். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராவது குறையும். அதனால் காற்றைத் துணிந்து குறைக்கலாம். டயர் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்த அளவு. 30 பிஎஸ்ஐ-யை 15 ஆக்கினால் பதியும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். செம்மண் ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நிற்காமல் பிடிப்பது இதனால்தான்.

அப்படியென்றால் மோட்டோகிராஸுக்கு ஏன் 19? அது மண் கொட்டிப் பதப்படுத்திய ஓடுதளம், பெரிய கற்கள் இருக்காது. தாவி இறங்கும்போதும் வளைவில் சாயும்போதும் டயர் பக்கவாட்டில் நெளியக் கூடாது. குட்டையான சுவர் அங்கே வரம். பாலைவன ராலிகளுக்கோ 18 அங்குலம்தான். ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்கார் ராலியில் ‘ராலி 2’ பிரிவை வென்றது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. இத்தகைய ராலி பைக்குகளில் பொதுவாக முன்னே 21, பின்னே 18.

நம் சந்தைக்கு வந்தவற்றில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்குப் பின்னால் 18 அங்குலம் (120/80). 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு 17 (120/90). இரண்டின் மொத்த விட்டமும் முறையே 649, 648 மி.மீ. என ஒட்டியே வருகின்றன. ஹிமாலயனின் சுவர் 108, எக்ஸ்பல்ஸின் சுவர் 96. எனவே ரிம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு.

ரிம்மை மாற்ற நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். 120/90-17 இருந்த இடத்தில் 120/90-18 போட்டால் விட்டம் சுமார் 4 சதவீதம் கூடும். ஒவ்வொரு கியரிலும் இழுவை அந்த அளவு குறையும். பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பற்களாவது கூட்ட வேண்டிவரும். டயர் ஸ்விங் ஆர்மில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கல்லும் வேரும் களியும் கலந்த இந்தப் பக்கத்துப் பாதைகளுக்கு உயரமான சுவருள்ள 18 அங்குலமே சரி. மண்பாதைக்காகக் காற்றைக் குறைத்தவர்கள், தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் மறக்காமல் நிரப்பிக்கொள்ளுங்கள். குறைந்த காற்றோடு வேகம் எடுத்தால் டயர் சூடேறும், வளைவில் பைக் தள்ளாடும்.