படுவான்கரைத் தெய்வங்கள் – 6: கையில் இருப்பது என்ன?

மண்டூருக்குச் சிலை பார்க்கப் போகிறவர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். குருமண்வெளியில் பாதையேறி வாவியைக் கடந்து, சின்னக் கதிர்காமம் என்று ஊர் கொண்டாடும் முருகன் கோயிலுக்குப் போனால், அங்கே வழிபடப்படுவது வேல். கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வதும் அதற்குத்தான். முகம் கிடையாது, கை கிடையாது, ஆயுதமே சாமி.

அந்த வேலைப் பிள்ளையிடம் கொடுத்தவள் தாய். திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் மகன் என்றே சொல்கிறது. ஆக, போருக்குரிய அம்மையைத் தேடி வருகிறவருக்கு மண்டூரில் ஆயுதம் மட்டும் அகப்படும். ஆளைப் பார்க்கச் சோழநாட்டுச் செப்புத் திருமேனிகளிடம்தான் போக வேண்டும்.

மாமல்லபுரத்துக் குகையில் பல்லவச் சிற்பி அவளைச் சிங்கத்தின் மேல் ஏற்றி, எருமைத்தலை அசுரன் பின்வாங்க, சண்டையின் நடுவிலேயே காட்டிவிட்டான். பாறைக்கு அது சரி. மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, உலோகத்தை உருக்கி ஊற்றி எடுக்கும் உலாத்திருமேனியை வீதியில் தோளில் சுமக்க வேண்டும். அவ்வளவு கூட்டத்துக்கு அதில் இடமேது? சோழச் சிற்பி போரையே சுருக்கினான். துர்க்கை உடலை வளைக்காமல் நேராக நிற்கிறாள். பின்கைகளில் சக்கரமும் சங்கும். முன் வலக்கை அபயம் காட்டுகிறது, முன் இடக்கை இடுப்பில். மார்பில் கச்சு. முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. காலடியில் வெட்டுண்ட எருமைத்தலை ஒன்று. நடந்து முடிந்த சண்டைக்கு அது ஒன்றுதான் சாட்சி. அதை மறைத்துவிட்டுப் பார்த்தால் பெருமாளின் தங்கை என்று கும்பிட்டுவிட்டுப் போவோம். அதுவும் பொய்யில்லை.

இப்படி அடையாளம் பார்க்கத் தெரிந்த ஒருவன் சிலப்பதிகாரத்தில் இருக்கிறான்: மதுரை அரண்மனை வாயிலோன். வாசலில் நிற்கும் பெண் வெட்டுண்ட தலைமேல் ஏறிய கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று ஒவ்வொருத்தியாகத் தள்ளிவிட்டு, கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கிறாள் என்று பாண்டியனிடம் சொல்கிறான். சிற்பநூல் கரைத்துக் குடித்தவரும் இதைவிடச் சுத்தமாகச் சொல்லிவிட முடியாது.

அந்தக் கண்ணகிதான் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கிழக்குக் கரையோரம் நெடுக அம்மன். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்த, 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள பொன்முலாம் பூசிய வெண்கலப் பெண்ணுருவத்தையும் ஒரு காலத்தில் பத்தினி தெய்வம் என்றே சொல்லிவந்தார்கள். முன்னாள் தேசாதிபதி பிரவுன்றிக் 1830இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது அது. 8ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. உயர்த்திக் கட்டிய முடியில் சின்ன மாடம், அதற்குள் தியானத்தில் ஒரு புத்தர். ஆகவே இது பௌத்தர்களின் தாரை. வலக்கை வரம் தருகிறது. எதையோ பிடித்திருந்த இடக்கையில் இப்போது ஒன்றுமில்லை; தாமரை இருந்திருக்கும் என்கிறார்கள். பாண்டியனின் வாயிலோன் இலண்டனில் வேலை பார்த்திருந்தால், பத்தினி என்ற பெயரை முதல்நாளே அடித்திருப்பான்.

உண்மையான பத்தினியைப் பார்க்க வைகாசி வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறக்கும் கோயில்கள் கண்ணகியுடையவை. வழக்குரையும் குளிர்த்தியும் அடுத்த வாரம்.