சிறு தொழிற்கூடங்களில் மின்கருவிப் பாதுகாப்பு

பெங்களூரு நகரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பொம்மனஹள்ளி 2007ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்தது. ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில், நான்கைந்து பேரே பணிபுரியும் உலோக வேலைக் கூடங்களும் மரவேலைக் கூடங்களும் உள்ளன. துளையிடும் கருவி, ஆங்கிள் கிரைண்டர், வட்ட ரம்பம் ஆகிய கைக்கருவிகளே இவற்றின் மூலதனம். உழைப்பைப் பன்மடங்காக்கும் இக்கருவிகள், கவனக்குறைவாகக் கையாளப்பட்டால் உயிரையும் பறிக்கக்கூடியவை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையைக் கொண்டு உற்பத்தி செய்யும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே அதனைத் தொழிற்சாலையெனக் கருதியது. 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவ்வரம்பை 20 ஆக உயர்த்தியது. நால்வர் பணிபுரியும் கூடம் இவ்விரு வரையறைகளுக்கும் வெளியே நிற்கிறது. எனவே அங்கே பாதுகாப்பு என்பது உரிமையாளரும் தொழிலாளியும் பெற்றுள்ள அறிவையே பெரிதும் சார்ந்துள்ளது.

பியூஸ் காப்பது எதனை?

பியூஸ் இருப்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. நம் நாட்டில் மின்வழங்கல் 230 வோல்ட் அழுத்தத்தில் உள்ளது. வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் எனக் கொண்டால், உடல்வழியே 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். சுமார் 10 மில்லி ஆம்பியரைக் கடந்தாலே தசைகள் இறுகி, பிடித்த கருவியைக் கைவிட இயலாமற் போகலாம். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும். ஆனால் 6 ஆம்பியர் பியூஸ், 6,000 மில்லி ஆம்பியரைத் தடையின்றிச் செல்ல விடும்.

உலோக உடலுள்ள கருவிகளுக்கு எர்த் எனப்படும் நில இணைப்பு இன்றியமையாதது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, பாதுகாப்பு இணைப்பு முதலில் ஏற்பட வேண்டும் என்பதற்காகவே. கருவியினுள் மின்கசிவு ஏற்பட்டால், மின்னோட்டம் இவ்வழியே பாய்ந்து பியூஸை உருகச் செய்யும். பிளக்கை நீக்கிவிட்டு, வெறும் கம்பிகளைத் தீக்குச்சியால் துளையில் இறுக்கும் வழக்கம் இப்பாதுகாப்பை அடியோடு அழிக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிகள் இரட்டைக் காப்புடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை. எனினும் வெட்டுண்ட வயரும் ஈரமும் அவற்றையும் ஆபத்தாக்கும்.

ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவுத் துண்டிப்பான், செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இடைவிடாது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. இதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்த்தல் நலம். ஆனால் ஒருவர் இரு மின்கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால், நிலத்திற்குக் கசிவு இல்லாமையால், இச்சாதனம் காப்பாற்றாது.

சுழலும் வட்டு

100 மில்லிமீட்டர் ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்திற்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. வட்டின் மீது அதன் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். 180 மில்லிமீட்டர் வெட்டு வட்டில் அது பொதுவாக 8,500 ஆகும். காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டைச் சிறு கருவியில் பொருத்தினால், வட்டு சிதறித் துண்டுகள் முகத்தில் பாயலாம். மரமறுக்கும் பல் வட்டையும் இதில் பொருத்தலாகாது. அது மரத்தில் சிக்கிக் கருவியைத் தொழிலாளியை நோக்கித் திருப்பிவிடும். கண் கவசம் அணிவதும், தோள் துண்டு, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றைத் தவிர்ப்பதும் அவசியம். வட்டு மாற்றும்போது சுவிட்சை அணைத்தல் போதாது. பிளக்கையும் பிடுங்க வேண்டும்.

மின்தாக்குதல் நேர்ந்தால், பாதிக்கப்பட்டவரை உடனே தொடலாகாது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இயலாவிடில், உலர்ந்த பலகை மீது நின்று, உலர்ந்த மரக்கழியால் கருவியை விலக்கலாம். மூச்சு நின்றிருந்தால் 108க்கு அழைத்து, உதவி வரும்வரை மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

கருவியுடன் வரும் குறிப்பேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. அதனைக் கையாள்பவரோ கன்னடமோ தமிழோ இந்தியோ மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். இவ்விதிகளை அவரவர் மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும், புதிதாக வரும் இளைஞருக்கு முதல் நாளிலேயே செய்து காட்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. முறையான பிளக், காப்பு மூடி, மின்கசிவுத் துண்டிப்பான் ஆகியவையும் சிறு கூடங்களின் சக்திக்கு உட்பட்டவையே. ஒரு தொழிலாளியின் கையும் கண்ணும் இழக்கப்பட்டால், அவற்றை நம்பியுள்ள குடும்பத்திற்கு எந்த இழப்பீடும் ஈடாகாது.