திறக்காத பின் கதவும் பழைய பெட்டக அறையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கே இயற்கைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. வண்டியில் பன்னிரண்டு கிரேட் தக்காளி, நாலு மூட்டை கத்தரி, கீரைக்கட்டு தனி. எல்லாம் இருந்தும் வண்டியின் பின் கதவு திறக்கலை.

நம்மில் பலர் வைத்திருக்கிற சின்ன லோடு வண்டிதான். கதவின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கொண்டி. பிடியைத் தூக்கினால் உள்ளே இருக்கிற கம்பி, தூணில் உள்ள துளையை விட்டு விலகணும். இடது பக்கம் அசையவே இல்லை. வலது பக்கம் பாதி வந்து நின்னுச்சு. வாடிக்கையாளர்கள் பையோடு நிற்கிறாங்க. எனக்குப் பொறுமை போச்சு. "சுத்தியலால ஒண்ணு போடுப்பா"ன்னு உதவிக்கு வந்த பையனிடம் சொன்னேன். நாலாவது அடியில் இரண்டு கொண்டியும் ஒரே நேரத்தில் விட்டு, கதவு படார்னு கீழே விழுந்தது. அவன் முழங்காலுக்குக் கீழே நல்ல அடி. தோல் பிய்ந்து ரத்தம். எலும்புக்கு ஒண்ணும் ஆகலை. அன்றைக்கு முழுக்க நொண்டிக்கொண்டே தராசு பிடித்தான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். கதவையே மாத்தணும்னாங்க. சொன்ன தொகையைக் கேட்டுத் திரும்பி வந்து, எங்கள் ஊர் வெல்டிங்காரரிடம் நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து தொங்கவிட்டு, இரண்டு பிடியையும் சும்மா தூக்கிப் பார்த்தார். இடது பிடி லேசாக வந்தது. வலது பிடி அப்பவும் இறுக்கம்.

"சார், ரெண்டும் வேற வேற நோவு. இது துரு. அதுல பூட்டு நல்லாருக்கு, கதவுதான் இறங்கியிருக்கு" என்றார்.

கதவைச் சாத்தி, இடது ஓரத்தை ஒரு விரல்கடை தூக்கிப் பிடித்தார். கொண்டி சொன்னபடி கேட்டது. கீழே கீலின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, கம்பி துளையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கீல் தேய்ந்த வண்டியில் கொண்டியை அடித்து என்ன பயன்?

வலது பக்கத் துருவுக்குக் காரணம் நான்தான். ஜீவாமிர்த டிரம்மை எப்பவும் அந்த மூலையில்தான் வைப்பேன். 200 லிட்டர் டிரம், நம்ம மண்பாதையில் தளும்பாமல் வருமா? கோமியத்தில் உப்பு இருக்கு. வழிந்தது கொண்டிக்குள் இறங்கும், மேலே சாணம் காயும். மண்ணுக்கு அமிர்தம், இரும்புக்கு விஷம்.

வலது கொண்டியை போல்ட் கழற்றி ராத்திரி முழுக்க டீசலில் ஊறவைத்தோம். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, என் புண்ணியத்தில் வளைந்த பிடியை நிமிர்த்தி, கிரீஸ் வைத்தோம். இடது பக்கம் கீல் துளையை வெல்டிங் வைத்து அடைத்து, புதுசாகத் துளை போட்டு, புது ஆணியும் வாஷரும் போட்டார். 350 ரூபாய் ஆச்சு. எங்க தாத்தா மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்த மை போடுவார். கிரீஸ் டப்பாவைப் பார்த்தப்போ அந்த வாசனைதான் ஞாபகம் வந்தது.

இன்னொண்ணும் சொல்லணும். கிரேட்டுகள் கதவில் சாய்ந்து அழுத்தினால், நல்ல கொண்டியே இறுகும். கதவை இடுப்பால் உள்ளே தள்ளிக்கொண்டு பிடியைத் தூக்கினால் விட்டுவிடும். வங்கியில் நான் சேர்ந்த புதிதில் பெட்டக அறைக் கதவு இப்படித்தான் மக்கர் பண்ணும். தலைமைக் காசாளர், "சாவியோட மல்லுக்கட்டாதீங்க தம்பி, கதவை இழுத்துப் பிடிச்சுத் திருப்புங்க" என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்துவிட்டு, சந்தையில் சுத்தியல் கேட்டிருக்கிறேன்!

இப்போது கிரேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பலகை குறுக்கே நிற்கிறது. டிரம்மை கேபின் பக்கம் நகர்த்தி, கயிறு கட்டியாச்சு. ஜீவாமிர்தம் ஏற்றி இறக்கிய அன்றைக்கே இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். கிளம்பும் முன் கதவைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். பாதி மாட்டிய கொண்டி ரோட்டில் திறந்தால், பின்னால் பைக்கில் வருகிறவன் கதி என்ன?

பையனுக்குக் காயம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கு. கதவைத் திறக்கும்போது அவன் பக்கவாட்டில்தான் நிற்கிறான். நான் எதிரே போய் நின்றால், "சார், தள்ளி வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் பிடியைத் தொடுகிறான்.