உங்களுக்குத் தெரியுமா? குளிரை நாடும் குறுமரங்கள்

ஜப்பானிய மேப்பிள், பைன், ஜூனிப்பர் போன்ற மிதவெப்ப மண்டலப் போன்சாய் மரங்களுக்கு, ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் குளிரில் பல வாரங்கள் நீடிக்கும் உறக்கநிலை, அதாவது வளர்ச்சி நின்று மொட்டுகள் ஓய்ந்திருக்கும் பருவம், இன்றியமையாததாதலால், அவற்றைக் குளிர்காலம் முழுவதும் கதகதப்பான அறையில் வைத்துப் பேணுவது பரிவன்று, பெருந்தீங்கே ஆகும். எனினும் வேர்கள் கிளைகளைவிடக் குளிர்தாங்கும் ஆற்றல் குறைந்தவை. ஆழமற்ற தொட்டியோ நிலம் தரும் காப்பை அவற்றுக்கு அளிப்பதில்லை. ஆகவே ஜப்பானில் கடுங்குளிரின்போது தொட்டிகள், உறைபனியையும் வறண்ட காற்றையும் தடுக்கும், ஆனால் சூடேற்றப்படாத, 'முரோ' என்னும் காப்பறைக்குள் வைக்கப்படுகின்றன. கோடையிலும் இடர் வேரிலேயே தொடங்குகிறது: வெயில்படும் கருநிறத் தொட்டியின் சுவரையொட்டிய மண், சுற்றியுள்ள காற்றைவிட மிகுதியாகச் சூடேறி, அங்குப் படர்ந்திருக்கும் நுண்வேர்களைக் கருக்கிவிடுகிறது. வெப்பமண்டலத்து ஆல், அத்தி இனங்களுக்கு இக்குளிர் ஓய்வு வேண்டியதில்லை.