பேசத் தாமதிக்கும் குழந்தையும் வீட்டு மொழியும்

உத்தியோக நிமித்தமாகத் தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை அடிக்கடி எழுவதுண்டு. வீட்டில் தமிழ், வாசலில் இந்தியோ மராத்தியோ, விளையாட்டுப் பள்ளியில் ஆங்கிலம். இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையென்றால், "இத்தனை பாஷைகளைக் காதில் போட்டால் குழந்தை குழம்பாதா? தமிழை நிறுத்திவிடுங்கள்" என்று அண்டை வீட்டார் யோசனை கூறுகின்றனர். இது தக்க யோசனைதானா?

அன்று. பல மொழிகளைக் கேட்பது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமன்று. இரு மொழிகளிடையே வளரும் குழந்தையின் சொற்களை, இரண்டு மொழிகளிலும் சேர்த்து எண்ணுவதே முறை. 'பானி வேணும்' என்று கலந்து பேசுவதும் குழப்பமன்று, இயல்பே.

அப்படியானால் கவனிக்க வேண்டியவை எவை? ஓராண்டு நிறையும் தறுவாயில் குழந்தை தன் பெயர் கேட்டுத் திரும்பும், கைகாட்டிக் குறிப்புணர்த்தும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என இரு சொற்களை இணைக்கும். 18 மாதமாகியும் ஒரு சொல்லும் வராவிடினும், 2 வயதில் சொற்கள் இணையாவிடினும், பேசிவந்த சொற்கள் எந்த வயதில் மறைந்தாலும் மருத்துவரை நாட வேண்டும். "இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவர். தாமே தேறும் குழந்தைகள் உண்டு. ஆனால் தேறும் குழந்தை எது என்பதை முன்கூட்டி அறிய இயலாது.

முதற்கண் செய்யத்தக்கது செவிப் பரிசோதனை. கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்பும் குழந்தைக்கும் மெல்லிய ஒலிகள் கேளாதிருக்கலாம். கேளாத ஒலியைக் குழந்தை எவ்வாறு பேசும்?

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. குழந்தையின் முகம் நோக்கி, அது பார்க்கும் பொருளைப் பற்றிப் பேசுங்கள். 'தண்ணி' என்றால், 'குளிர்ந்த தண்ணி வேணுமா?' என்று விரித்துரையுங்கள். பின் சற்றே காத்திருங்கள். 'சொல்லு, சொல்லு' என்று வற்புறுத்த வேண்டாம். கைப்பேசியைக் கையில் கொடுத்து அமர்த்துவது உரையாடலுக்கு ஈடாகாது. 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறிய அறிவுரை.

உதவி பெறும் இடங்களும் உள்ளன. மைசூரில் 1965-இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும், மும்பையில் 1983-இல் தோன்றிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறைக்கென்றே அமைந்தவை. பின்னதன் வட்டார மையங்கள் கொல்கத்தாவிலும் செகந்திராபாத்திலும் உள்ளன. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்கீழ், மாவட்ட அளவிலான ஆரம்பகால இடையீட்டு மையங்களிலும் கட்டணமின்றிப் பரிசோதனை நடைபெறுகிறது.

தமிழை நிறுத்துவதால் குழந்தைக்கு இழப்பே மிகுதி. பழகாத மொழியில் தாய் நாலு வார்த்தைதான் பேசுவாள். தன் மொழியிலோ தாலாட்டும் கதையும் கொஞ்சலும் தடையின்றிப் பெருகும். பேச்சுக்குக் காத்திருக்கும் குழந்தைக்குத் தேவை அந்தப் பெருக்கே. ஆகவே வீட்டில் தமிழ் ஒலிக்கட்டும். செவிப் பரிசோதனையை மட்டும் ஒத்திப்போட வேண்டாம்.