எந்த எஸ். சந்திரசேகர்?

இயற்பியல் நூல்களில் ‘எஸ். சந்திரசேகர்’ என்று தேடினால், பாய்மங்களின் நிலைத்தன்மை பற்றி 1961-இல் வந்த தடிமனான நூலும், 1977-இல் கேம்பிரிட்ஜ் பதிப்பித்த திரவப் படிக நூலும் அடுத்தடுத்து வரும். இரண்டையும் எழுதியவர் ஒருவரல்ல.

முதலாமவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கு அந்தப் பயணத்திலேயே உருவானது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்கிறது இன்றைய அறிவியல். 1935-இல் வானியலாளர் எடிங்டன் அதை அறிஞர் சபையிலேயே கேலி செய்தார். நோபல் வந்ததோ 1983-இல்.

இரண்டாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930-இல் பிறந்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-இல் பெங்களூரில் கண்டறிந்த குழுவின் தலைவர். இவரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்தான். குழப்பம் இதோடு தீரவில்லை: மூத்தவர் சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், இளையவர் ராமனின் சகோதரி மகன். அதாவது மாமன் மகனும் அத்தை மகனும்! மூத்தவருக்கு வைத்தது தாத்தா பெயர். ராமனின் ‘சி’யும் அதே சந்திரசேகர ஐயர்தான்.

1967-இல் மத்திய அமைச்சராகிக் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் குரல்கொடுத்த மக்கள்தொகை அறிஞரும் ஓர் எஸ். சந்திரசேகர். அவர் ஸ்ரீபதி.

இனிஷியலை விரித்தால் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்கள் சுழற்பந்து வீச்சாளர் பி.எஸ். சந்திரசேகரிடம் மாட்டிக்கொள்வார்கள். அவர் பகவத் சுப்ரமண்ய சந்திரசேகர். பின்னாளில் சிகாகோவில் பணியாற்றிய நோபல் விஞ்ஞானியைச் ‘சந்திரா’ என்றார்கள்; மைதானத்தில் இவரையும் ‘சந்திரா’ என்றே அழைத்தார்கள். 1999-இல் விண்ணுக்குப் போன தொலைநோக்கிக்குக் கிடைத்தது விஞ்ஞானியின் செல்லப்பெயர்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தவர் பி.எஸ்.தான். சிறு வயதில் போலியோவால் மெலிந்த வலது கை. அந்தக் கையாலேயே பந்து வீசினார். 1971-இல் ஓவலில் 38 ரன் கொடுத்து 6 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அந்த ஆட்டத்தில்தான் வந்தது. மட்டை பிடிப்பதில் மட்டும் மனிதர் சுத்தமாகத் தேறவில்லை. 58 டெஸ்டுகளில் விக்கெட் 242, எடுத்த ரன் 167!

சேப்பாக்கத்தில் 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதமடித்த வி.பி., தேசிய டேபிள் டென்னிஸ் சாம்பியன் வி. சந்திரசேகர், திரைப்பட இயக்குநர் எஸ்.ஏ. என்று பட்டியல் இன்னும் நீளும்.

ஆகவே, எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் முறை குறிப்பிடும்போதாவது இனிஷியலை விரித்து எழுதுங்கள். சுப்ரமண்ய சந்திரசேகர் என்றால் அதுவும் போதாது. விண்மீனா விக்கெட்டா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.