உங்களுக்குத் தெரியுமா? சிப்பிக் காளான் ஸ்பெஷல்!

ஐரோப்பாவின் பீச் காடுகளில் சிப்பிக் காளான் தேடுகிறவர்கள் தரையைப் பார்ப்பதைவிட அண்ணாந்து பார்ப்பதுதான் அதிகம்! பட்டுப்போன பீச், வில்லோ, பாப்லர் மரங்களில் அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தொப்பியே 25 செ.மீ. வரை அகலும்!

வெயில் காலத்தைவிட, இலை உதிர்ந்து குளிர் உறைக்கும்போதுதான் ஜோராக முளைக்கும். ஜனவரியிலும் பறிக்கிறார்கள்!

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்! சாம்பல், நீலச்சாம்பல், பழுப்பு, வெளிர்மஞ்சள்... எல்லாம் ஒரே காளான்தான். தொப்பியைத் திருப்புங்கள். வெள்ளை மடிப்புகள் குட்டைத் தண்டின் மேலும் வழிந்து இறங்குகின்றனவா? பாதிக் கிணறு தாண்டியாச்சு!

மீதிக்கு ஒரு கறுப்புத் தாள் போதும். தொப்பியை அதன்மேல் வைத்துக் கிண்ணத்தால் மூடுங்கள். விடிந்து பார்த்தால் வெள்ளையாக, அல்லது லேசான கத்தரிப்பூ நிறத்தில் வித்துப்பொடி! பழுப்புப் பொடி என்றால் ஆள் வேறு!

இந்தப் பரீட்சையிலும் பாஸாகிவிடும் ஒரு கில்லாடி ஜப்பானில் இருக்கிறது. பெயர் ட்சுகியோடாகே. அதே பீச் மரம், அதே உருவம், அதே வெள்ளைப் பொடி! சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்டை நெடுக்காகக் கிழித்தால் பெரும்பாலும் உள்ளே கறுப்புத் திட்டு தெரியும். அதைவிட வேடிக்கை, விளக்கை அணையுங்கள். மடிப்புகள் பச்சையாக ஒளிரும்!

இன்னொரு போலி, ஊசியிலை மரக்கட்டைகளில் முளைக்கும் தூய வெள்ளைக் காளான். ஜப்பானியர் காலங்காலமாகச் சமைத்துச் சாப்பிட்டதுதான். 2004-ல் திடீரென்று மூளை பாதிப்பு! பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இறந்தவர்கள் 17 பேர்! முதலில் மரத்தைப் பார் என்று சொல்வது சும்மா இல்லை!

மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினையே சிப்பிக் காளான் கரைத்துத் தின்னும். மிஞ்சுவது வெளுத்த நார். விரலால் பிய்த்து எடுத்துவிடலாம்!

மரத்தில் நைட்ரஜன் குறைவு. அதற்கு ஐயா என்ன செய்கிறார்? வேட்டையாடுகிறார்! நூற்புழுக்களைப் பிடித்து உறிஞ்சுவதை 1984-ல் கனடாவின் தார்ன், பாரன் இருவரும் வெளியிட்டார்கள். ஆயுதம் என்ன என்பது 2023-ல்தான் தைவான் ஆய்வில் தெரிந்தது. காளான் இழைகளில் குச்சி மிட்டாய் வடிவத்தில் நுண்ணிய குமிழ்கள். உள்ளே 3-ஆக்டனோன் என்ற நச்சு வாயு! உரசினால் குமிழ் உடையும், சில நிமிடங்களில் புழு முடங்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்களே, உங்கள் காளான் குருமாவில் மிதப்பது அசைவம் தின்னும் ஆள்!

இதை வளர்த்துச் சாப்பிடும் யோசனை முதல் உலகப்போர்ப் பஞ்சத்தில் ஜெர்மனியில் பிறந்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளில் ஃபால்க் என்பவர் வளர்த்துக் காட்டிய ஆண்டு, 1917!